தொழில்வழிச் சிகிச்சை: ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு

நோயுற்றவனுக்கு ஓய்வே முதல் மருந்து என்பது உலகெங்கும் வேரூன்றிய நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, அமெரிக்காவின் பிலதெல்பியா நகரில் வாழ்ந்த சைலஸ் வியர் மிச்சல் என்ற புகழ்பெற்ற வைத்தியர், இந்த நம்பிக்கையை ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்தார். நரம்புத் தளர்ச்சியுற்றோர் வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்தப்பட்டனர். ஊட்டமான உணவு தாராளமாக அளிக்கப்பட்டது. உற்றார் உறவினர் விலக்கப்பட்டனர். படித்தலும் எழுதுதலும் தடுக்கப்பட்டன. இதனாற் குணமடைந்தோர் உண்டு. ஆனால், செய்வதற்கு ஒன்றுமின்றிக் கிடந்து மேலும் நலிந்தோரும் உண்டு.

அவ்வாறு நலிந்தோரைக் கண்டு, இதற்கு நேர்மாறான வழியை நாடியவர் ஹேபேட் ஹோல் என்ற வைத்தியர். மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கடற்கரை ஊராகிய மாபிள்ஹெட்டில், 1904ஆம் ஆண்டு, ஜெசி லூதர் என்ற கைவினை ஆசிரியையின் துணையோடு அவர் சில வேலைக்கூடங்களை அமைத்தார. நெசவு, மரச்செதுக்கு, உலோக வேலை, மட்பாண்டம் வனைதல் ஆகியவை அங்கே நோயாளருக்குக் கற்பிக்கப்பட்டன. முதலிற் சிறிது நேரம், எளிய வேலை. பின்னர் படிப்படியாகக் கூடிய நேரம், கடினமான வேலை. மருந்தை அளந்து கொடுப்பது போல வேலையையும் அளந்து கொடுக்கலாம் என்பதே அவர் கொள்கை.

இந்தக் கொள்கை உண்மையா என்று அறிவதற்குப் பொருள் வேண்டியிருந்தது. 1906ஆம் ஆண்டு ஹாவாட் பல்கலைக்கழகம் அவருக்கு ஆயிரம் டொலர் நன்கொடை வழங்கியது. கைத்தொழிலினால் நரம்புத் தளர்ச்சியைக் குணப்படுத்தும் முறையை ஆராய்வதே அதன் நோக்கம். பின்னாளிலே தொழில்வழிச் சிகிச்சை எனப் பெயர் பெற்ற துறையில், ஆராய்ச்சிக்கென்றே அளிக்கப்பட்ட மிகப் பழைய நிதிகளுள் இதுவும் ஒன்று. 1910ஆம் ஆண்டு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டிலே ஹோல் தம் கணக்கை வெளியிட்டார். நூறு நோயாளருள் 59 பேர் குணம் கண்டனர். 27 பேர் மிகுந்த குணம் கண்டனர். 14 பேருக்குப் பயன் ஏற்படவில்லை.

கேட்பதற்கு இனிய கணக்கே இது. எனினும், இதிலே ஒரு வினா விடையின்றி நின்றது. அந்த நூறு பேரும் தறியையும் களிமண்ணையும் தொடாமலே இருந்திருந்தால், அவர்களுள் எத்தனை பேர் தாமாகவே தேறியிருப்பர்? ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேறொரு கூட்டம் இருக்கவில்லை. அக்காலத்து மருத்துவ ஏடுகள் பலவற்றிலும் இக்குறை உண்டு. ஹோலை மட்டும் குறை கூறுதல் தகாது. ஆனால், அந்த வினாவுக்கு விடை காண்பதற்கு இத்துறை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காத்திருந்தது என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

1917ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூயோர்க் மாநிலத்துக் கிளிப்டன் ஸ்பிறிங்ஸ் என்ற சிற்றூரில், ஆறு பேர் ஒரு வீட்டிற் கூடினர். வீட்டுக்குரியவர் ஜோர்ஜ் பாட்டன் என்ற கட்டடக் கலைஞர். சயரோகத்தால் வருந்தி, ஒரு காலின் விரல்கள் சிலவற்றை இழந்து, உடலின் இடப்பக்கமும் செயலற்றுப் போன நிலையில், தோட்ட வேலையாலும் தச்சு வேலையாலும் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டவர் அவர். மனநோய் வைத்தியர் வில்லியம் டண்டன், சமூகத் தொண்டர் எலெனர் கிளாக் சிலேகிள் ஆகியோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அன்று அவர்கள் நிறுவிய சங்கம், வேலையைச் சிகிச்சையாகப் பரப்புவதை மாத்திரம் தன் நோக்கமாகக் கொள்ளவில்லை. வேலையானது மனிதனை எவ்வாறு மாற்றுகின்றது என்பதை ஆராய்வதும், அந்த அறிவை விஞ்ஞான முறையிற் பரப்புவதும் அதன் நோக்கங்களுட் சேர்க்கப்பட்டன. ஆராய்ச்சி என்பது இத்துறைக்குப் பிற்காலத்தில் ஒட்டிய ஒட்டன்று. பிறக்கும்போதே ஏற்றுக்கொண்ட கடமை எனலாம்.

ஆனால், சங்கம் பிறந்த மறு மாதமே அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்திற் குதித்தது. கையிழந்த, காலிழந்த, மனங்கலங்கிய போர்வீரர்களுக்குப் பணி செய்ய நூற்றுக்கணக்கான பெண்கள் விரைந்து பயிற்றப்பட்டனர். இரண்டாம் உலக யுத்தத்திலும் இதுவே நிகழ்ந்தது. வைத்தியசாலைகள் வேலை செய்வோரைக் கேட்டனவேயன்றி ஆராய்ச்சியாளரைக் கேட்கவில்லை. நோயாளி தேறுவதைக் கண்ணாற் கண்டோருக்கு, அதற்குச் சான்று தேட வேண்டும் என்ற எண்ணமும் எளிதில் எழவில்லை.

இத்துறையின் ஆராய்ச்சிக்குப் பணம் கிடைப்பது ஏன் அரிதாயிற்று? ஒரு புதிய மருந்து வெற்றி பெற்றால் அதனைச் செய்யும் நிறுவனத்துக்கு இலாபம் உண்டு. ஆதலால் நிறுவனமே சோதனைச் செலவை ஏற்கின்றது. பாரிசவாதத்தால் வலக்கை விழுந்த ஒருவருக்கு, இடக்கையாற் சட்டை அணியும் வழியைக் கற்பிப்பதற்கு எவரும் காப்புரிமை பெற முடியாது. இலாபம் காண்பார் இல்லாத இடத்திற் செலவு செய்வாரும் இல்லை. சோதனை செய்வதும் கடினம். 1948ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்விலே, சயரோகத்துக்குரிய ஸ்ரெப்டோமைசின் மருந்து, நோயாளரை எழுந்தமானமாக இரு கூட்டமாகப் பிரித்துச் சோதிக்கப்பட்டது. அதன்பின் மருந்துச் சோதனைகள் அவ்வழியே பெருகின. மருந்துக்குப் பதிலாகப் போலி மாத்திரை கொடுத்து நோயாளி அறியாவண்ணம் ஒப்பிடுதலும் வழக்கமாயிற்று. ஆனால், சமைக்கக் கற்பதற்குப் போலி ஏது? தான் கற்கின்றோமா இல்லையா என்பதை நோயாளி அறிவார்.

மூன்றாவது தடை ஆளில்லாமை. இத்துறையிற் பணியாற்றியோருள் உயர் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றோர் மிகச் சிலரே. 1954ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இயற்றிய புனர்வாழ்வுச் சட்டத் திருத்தம் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பொதுப்பணத்தைத் திறந்துவிட்டது. 1961ஆம் ஆண்டு மேரி றைலி என்ற அறிஞர் ஆற்றிய பேருரை, துறையினரின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியது. மனிதன் தன் கைகளாற் செய்யும் செயல் தன் உடல்நலத்தையே மாற்றவல்லது என்ற மூல நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே அதன் சாரம். 1965ஆம் ஆண்டு, நன்கொடை திரட்டிக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உதவவென அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சை அறநிதியம் நிறுவப்பட்டது. 1981ஆம் ஆண்டு அது ஆராய்ச்சிக்கென்றே தனி ஏடு ஒன்றைத் தொடங்கியது. 1989ஆம் ஆண்டு தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், மனிதனின் அன்றாடச் செயல்களை ஆராயும் கலாநிதிப் பட்டக் கல்வியை ஆரம்பித்தது. இவ்வாறு சிறிது சிறிதாகப் பணமும் ஆளும் ஏடும் சேர்ந்தன.

அவற்றின் விளைவு 1997ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் கிளாக்கும் அவர் குழுவினரும், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் வீடுகளிலே தாமே வாழ்ந்த, 60 வயதும் அதற்கு மேலுமான 361 முதியோரை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்துக்குத் தொழில்வழிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றொரு கூட்டம் கூடிப் பேசியும் விளையாடியும் பொழுது போக்கியது. மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் அளிக்கப்படவில்லை. முதற் கூட்டத்தினர் வாரந்தோறும் இரண்டு மணி நேரம் கூடினர். பஸ்ஸில் ஏறி ஊர் சுற்றுதல், வீட்டில் விழாது நடமாடுதல், தமக்குப் பொருளுள்ள செயல்களால் நாளை நிரப்புதல் ஆகியவற்றைக் கற்றனர். ஒன்பது மாதங்களின் பின் அளந்து பார்த்தபோது, இவர்களே உடல்நலத்திலும் மனநலத்திலும் வாழ்க்கை நிறைவிலும் மேம்பட்டிருந்தனர். வெறும் பொழுதுபோக்குப் பெற்றோருக்கும் ஒன்றும் பெறாதோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, நன்மை விளைத்தது கூட்டமும் கவனிப்பும் மாத்திரமன்று என்பது புலனாயிற்று. அரசின் முதுமை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் இதற்குப் பணம் உதவின. ஹோலின் கணக்கு வெளிவந்த அதே மருத்துவச் சங்க ஏட்டிலேயே, 87 ஆண்டுகளின் பின் இந்த முடிபும் வெளிவந்தது. அன்று இல்லாத ஒப்பீட்டுக் கூட்டம் இன்று ஒன்றன்று, இரண்டு இருந்தன.

பிரித்தானியாவிலும் இவ்வழி தொடர்ந்தது. பாரிசவாதம் கண்டோர் பற்றிய ஒன்பது சோதனைகளின் முடிபுகள், மொத்தம் 1,258 பேரின் விபரங்களோடு 2007ஆம் ஆண்டு ஒன்று சேர்க்கப்பட்டன. உண்ணல், உடுத்தல், நீராடல் முதலிய கருமங்களைத் தாமே செய்யும் வல்லமை, சிகிச்சை பெற்றோரிடம் மிகுந்திருந்தது.

எனினும், ஆராய்ச்சி எப்பொழுதும் இனிய விடையையே தருவதில்லை. அதே நாட்டில், பராமரிப்பு இல்லங்கள் 228இல் வாழ்ந்த, பாரிசவாதம் கண்ட 1,042 பேரிடையே பொதுப்பணத்தால் நடத்தப்பட்ட ஒரு பெருஞ் சோதனையின் முடிபு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்று மாதச் சிகிச்சை பெற்றோரும் பெறாதோரும் ஒரே நிலையில் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஏற்கெனவே மிகவும் தளர்ந்தவர்கள். வீட்டிலிருப்போருக்கு உதவிய முறை அவர்களுக்கு உதவவில்லை.

இதனைத் தோல்வி என்று கருதுவோர் உளர். ஆயினும், ஒரு சிகிச்சை எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்று அறியாதவரையில், அரிய பணமும் ஆளும் தவறான இடத்திற் செலவாகும். தேவையுள்ள வேறொருவர் காத்திருப்பார். அத்துடன், அரசாங்கங்கள் செலவைக் குறைக்க முற்படும்போது, சான்றில்லாத சேவையே முதலில் வெட்டப்படுகின்றது. பயனுள்ள சேவையும் சான்றின்மையால் வெட்டப்பட்டால், அந்த இழப்பு தாமே உண்ணவும் உடுக்கவும் மீண்டும் கற்றிருக்கக்கூடிய ஒருவரின் இழப்பாகும்.

ஆயிரம் டொலரோடு மாபிள்ஹெட்டில் ஹோல் எழுப்பிய வினா மிக எளியது: வேலை மனிதனைக் குணப்படுத்துமா? பின்வந்தோர் அதற்குக் கண்ட விடை அத்துணை எளியதன்று. யாருக்கு, எந்த வேலை, எந்த நிலையில் என்று கேட்டாலன்றி அதற்கு விடையில்லை. அவ்வாறு கேட்பதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். இலாபம் கருதாது பொருள் தருவோரும் வேண்டும். நெசவுத் தறியின் முன் அமர்ந்த அந்த நூறு பேரின் கணக்கிலே தொடங்கிய அத்தேட்டம் இன்னும் முடிவுறவில்லை.