நூலில் ஆடிய மீட்புப் படை



சென்ற விடுமுறையில் என் நான்காம் ஆண்டு மாணவர்கள் சிலருக்கு ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்னும் பழைய பிரிட்டிஷ் பொம்மலாட்டத் தொடரின் முதல் பகுதியைத் திரையிட்டுக் காட்டினேன். காட்சி தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு மாணவி, “டீச்சர், கெட்டவர் ஏன் நம்ம நாட்டுல இருக்கிறார்?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு வருமுன் தொடரின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1963 அக்டோபர் 24ஆம் நாள், மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே என்னும் ஊரில் இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்றினுள் வெள்ளம் புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் 129 பேர். 29 பேர் மாண்டனர். கைவிடப்பட்ட பழைய குடைவு ஒன்றில் ஒதுங்கிய 11 பேர், பதினான்கு நாள்களுக்குப் பிறகு, நவம்பர் 7ஆம் நாள் உயிருடன் மீட்கப்பட்டனர். மேலிருந்து துளையிட்டு, ஓர் ஆள் மட்டுமே நின்றபடி நுழையக்கூடிய ஒடுங்கிய உருளைக் கூண்டை இறக்கி, ஒருவர் பின் ஒருவராக மேலே தூக்கினர்.

துளையிடும் கனரக இயந்திரம் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது என்ற செய்தி, இங்கிலாந்தில் பொம்மைத் தொடர்கள் தயாரித்துவந்த கெரி ஆண்டர்சனின் மனத்தைத் தைத்தது. இத்தகைய கருவிகள் எங்கேனும் ஆயத்தமாக இருந்து, அழைத்தவுடன் பறந்து வந்தால்? அந்த வினாவே ‘அனைத்துலக மீட்புப் படை’ ஆயிற்று. கெரியும் அவர்தம் துணைவியார் சில்வியாவும் உருவாக்கிய இத்தொடர், 1965 செப்டம்பர் 30இல் முதன்முதலாக ஒளியேறியது. தென் பசிபிக் தீவு ஒன்றில் மறைந்து வாழும் முன்னாள் விண்வெளி வீரர் ஜெஃப் டிரேசியும் அவருடைய ஐந்து புதல்வர்களுமே அப்படையினர். புதல்வர் ஐவரும் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களின் பெயர்களைத் தாங்கியவர்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்களும் பொம்மை செய்து ஆட்டியிருக்கிறோம். பிள்ளைகளின் கண் எப்போதும் பொம்மையின் வாய்மீதுதான்! ஆண்டர்சன் குழுவினர் அதற்கும் வழி கண்டனர். முன்னரே பதிவுசெய்த உரையாடல் மின்துடிப்பாக மாறி, பொம்மையைத் தாங்கும் மெல்லிய கம்பி வழியாகவே தலைக்குள் இருந்த மின்காந்தத்தை அடைந்து உதட்டை அசைத்தது. அக்கருவிக்கு இடம் வேண்டியதால் தலை பெருத்தது. நடைதான் இறுதிவரை கைகூடவில்லை. ஆதலால் பாத்திரங்களைப் பெரும்பாலும் ஊர்திகளில் அமர்த்திவிட்டனர். டெரெக் மெடிங்ஸ் அமைத்த சிற்றுருக்களும் வெடிப்புகளும் இன்றும் வியப்பளிக்கின்றன. மொத்தம் 32 பகுதிகள். அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் வாங்க முன்வராததால் 1966இல் தொடர் நின்றது.

இனி மாணவியின் கேள்வி. மீட்புப் படையின் இரகசியங்களைத் திருட முயலும் ‘ஹூட்’ என்பவனுடைய இருப்பிடம் மலேசியக் காட்டினுள் உள்ள ஒரு கோயில். தீவில் டிரேசி குடும்பத்துக்குப் பணிவிடை செய்யும் கைரானோ அவனுடைய அரைச் சகோதரன். ஆக, நம்மவர் ஒருவர் வில்லன், இன்னொருவர் பணியாளர். முதல் ஒளிபரப்பின்போது மலேசியா என்ற பெயருக்கே வயது இரண்டுதான். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படையினர் மலாயாக் காடுகளில் போரிட்டனர். ‘காடு என்றால் பகைவன் பதுங்குமிடம்’ என்ற எண்ணம் அங்கிருந்தே ஆங்கிலேயர் இல்லங்களுக்குச் சென்றிருக்கும் என்பது என் கணிப்பு.

இதை அப்படியே பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? “கதை எழுதியவர்கள் நம் காட்டை நேரில் பார்க்கவில்லை போலும்” என்றேன். அவள் விடவில்லை. “அப்போ டின்-டின்?” என்றாள். கைரானோவின் மகள் டின்-டின் பொறியியல் கற்றவள். அந்த முதல் பகுதியிலேயே வெடிகுண்டு வைக்கப்பட்ட வானூர்தியில் பயணம் செய்பவள். “அவளும் நம் நாட்டுப் பெண்தான்” என்றேன்.

அடுத்த பகுதியை எப்போது போடுவீர்கள் என்று கேட்டுவிட்டு, அவள் பாய் மடிக்கப் போனாள்.