பெயருள்ள சாவும் பெயரற்ற இரத்தமும்

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு பெயர் எனக்கு நினைவுக்கு வரும்: லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ். 1902இல் வெறிநாய்க்கடி நோயில் அவர் இறந்ததை ஒட்டி எழுந்த முயற்சியில்தான் 1907இல் இந்நிறுவனம் பிறந்தது. வெள்ளைக்காரச் சாவுக்கு வரலாற்றில் பெயர் உண்டு.

1960களில் பாரூக் பிளம்பர்க் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் கண்ட புரதம்தான் ஹெபடைடிஸ் பி வைரஸைக் காட்டிக்கொடுத்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு. இரத்தம் தந்தவருக்கு? 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று ஒரு கண்டத்தின் பெயர், அவ்வளவுதான்.

1986, சென்னை. சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, மயிலாப்பூர் காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் இரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை; மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இந்தியாவில் அதுவே முதல்முறை.

நிர்மலாவின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பூட்டிய கதவுக்குள்ள இருக்கிறவ 'சரி'ன்னு சொன்னா அது சம்மதமா? அடைபட்டவர்கள் பெண்கள், அவர்களிடம் வந்துபோன ஆண்கள் தெருவில் இருந்தார்கள். பொதுச் சுகாதாரத்தில் அந்தப் 'பொது' யார்? பெயரை மறைப்பது அவர்களுக்கான பாதுகாப்பு, ஒத்துக்கொள்கிறேன். வாழ்வையும் சேர்த்து மறைப்பது யாருக்கான பாதுகாப்பு?