இணைய வரைகதை

இணைய வரைகதை என்பது அச்சிதழ் எதனையும் சாராமல், வரைபவரே நேரடியாக இணையத்தில் வெளியிடும் சித்திரக்கதை ஆகும். செய்தித்தாள்களில் நாள்தோறும் சில கட்டங்களாக வெளிவரும் படக்கதைத் தொடர்களுக்கு மாற்றாக இது 1990களில் வளரத் தொடங்கியது. இதழாசிரியரின் ஒப்புதலோ, பக்கத்தில் இடமோ இதற்குத் தேவையில்லை. அதே காரணத்தால், வழக்கு வந்தாலும் தளம் முடங்கினாலும் அச்சுமை முழுவதும் வரைபவர் தலையிலேயே விழுகிறது.

செய்தித்தாள் படக்கதை

தமிழ்ச் செய்தித்தாள் படக்கதைகளுள் மிகவும் அறியப்பட்டது தினத்தந்தியின் கன்னித்தீவு ஆகும். 1960இல் தொடங்கிய இத்தொடர், சிந்துபாத்தின் பயணங்களை நாளொன்றுக்கு ஓரிரு கட்டங்களாகச் சொல்லி வந்தது. முடிவில்லாமல் நீளும் எதனையும் "கன்னித்தீவு போல" என்று குறிப்பிடும் அளவுக்கு இது பேச்சுவழக்கில் கலந்துள்ளது. தாம்பரம் - கடற்கரை மின்சாரத் தொடர்வண்டியில் பக்கத்து இருக்கைக்காரரின் நாளிதழை எட்டிப் பார்த்தே இதனைப் படித்து வந்தவர்களும் உண்டு.

ஆனால் இது விதிவிலக்கு என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சிண்டிகேட் நிறுவனங்கள் ஒரே தொடரைப் பல நாளிதழ்களுக்கு விற்றன. லீ பாக் உருவாக்கிய மாண்ட்ரேக் (1934), வேதாளர் (1936) ஆகியவை அவ்வாறு உலகெங்கும் பரவியவை. 1972இல் சிவகாசியில் தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸ் போன்ற இதழ்கள் வழியாக அவை தமிழுக்கும் வந்தன. ஆயத்தமாகக் கிடைக்கும் வெளிநாட்டுத் தொடரை மொழிபெயர்ப்பது எளிது. உள்ளூர் ஓவியர் ஒருவரை ஆண்டுக்கணக்கில் ஊதியம் கொடுத்து வரையச் செய்வது எளிதன்று. புதிதாக வரைய வந்த தமிழருக்கு நாளிதழ்ப் பக்கத்தில் இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

இணையத்தில் தோற்றம்

1993இல் டேவிட் ஃபார்லி வெளியிடத் தொடங்கிய டாக்டர் ஃபன், வலையில் தொடர்ந்து வெளிவந்த முன்னோடி நகைச்சுவைப் படங்களுள் ஒன்று. நாளிதழ்த் தொடரான டில்பர்ட் 1995இல் இணையத்திலும் இலவசமாகக் கிடைத்தது. பென்னி ஆர்கேட் (1998) இணையத்திலேயே பிறந்து, நாளிதழின் துணையின்றி ஒரு தொழிலாக வளர்ந்தது. ராண்டல் மன்றோவின் எக்ஸ்கேசிடி (2005) குச்சி மனிதர்களை வைத்தே கணிதமும் நிரலாக்கமும் பேசுகிறது. எந்த நாளிதழும் இதற்கு இடம் தந்திருக்கும் எனத் தோன்றவில்லை. ஓர் அரசியல் கூட்டத்தில் "மேற்கோள் தேவை" என்ற பதாகையை ஒருவர் உயர்த்திப் பிடிக்கும் அதன் 2007ஆம் ஆண்டுப் படம் விக்கிப்பீடியர் பலருக்கும் பழக்கமானது.

இந்தியாவில் ரோகன் சக்ரவர்த்தியின் கிரீன் ஹியூமர் 2009இல் இணையத்தில் தொடங்கிப் பின்னர் தி இந்து உள்ளிட்ட நாளிதழ்களுக்குச் சென்றது. இங்கு இணையமே நாளிதழுக்கு வாயிலானது. ரச்சிதா தனேஜாவின் சானிட்டரி பேனல்ஸ் (2014) சமூக வலைத்தளங்களையே களமாகக் கொண்டது.

தமிழும் குறிமுறைச் சிக்கலும்

சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் தமிழ்த் தளங்களுக்குப் பெரும் தடையாக இருந்தது எழுத்துரு. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு குறிமுறையைப் பயன்படுத்தியது. திஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவற்றுக்குப் பின்னரே ஒருங்குறி பரவலானது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்.

படமாக வெளியாகும் வரைகதையை இச்சிக்கல் தொடவில்லை. பேச்சுக் குமிழுக்குள் கையால் எழுதப்பட்ட தமிழ், எழுத்துரு இல்லாத கணினியிலும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. படத்துக்குள் இருக்கும் எழுத்து கணினிக்கு வெறும் புள்ளிகளே. படத்துடன் உரையைத் தனியே சேர்க்காவிடில் தேடுபொறி அதனைக் கண்டடைவது கடினம். பார்வையற்றோரின் திரைபடிப்பான் மென்பொருளும் எளிதில் வாசிக்காது. உரையைச் சேர்க்கும் பழக்கம் தமிழில் இன்னும் வேரூன்றவில்லை.

சட்டச் சிக்கல்கள்

2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. இதனைக் கண்டித்துக் கார்ட்டூனிஸ்ட் பாலா, முதலமைச்சர், ஆட்சியர், காவல் ஆணையர் ஆகியோரைச் சித்தரித்து ஒரு படத்தை முகநூலில் வெளியிட்டார். ஆட்சியரின் புகாரின் பேரில் நவம்பர் 5 அன்று சென்னையில் கைது செய்யப்பட்டு, மறுநாள் பிணையில் விடுவிக்கப்பட்டார். அப்படம் தொடர் வரைகதை அன்று; தனிக் கருத்துப்படம். ஆயினும் நாளிதழ் ஒன்று அதனை வெளியிட்டிருந்தால் ஆசிரியரும் வெளியீட்டாளரும் உடன் பொறுப்பேற்றிருப்பர். முன்னர் குமுதத்தில் பணியாற்றிய பாலா, இம்முறை தனியராக நின்றார்.

நிறுவனத்தின் துணை இருந்தாலும் சிக்கல் வேறு வடிவில் வரக்கூடும். இணையத்தில் மட்டும் வெளிவரும் விகடன் பிளஸ் இதழின் அட்டையில், பிரதமரைக் கைவிலங்குடன் சித்தரித்த கருத்துப்படம் 2025 பிப்ரவரியில் வெளியானது. அதனைத் தொடர்ந்து விகடன் வலைத்தளம் முழுவதுமே முடக்கப்பட்டது. அப்படத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையுடன் முடக்கத்தை நீக்கச் சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று உத்தரவிட்டது. அச்சில் ஓர் இதழைப் பறிமுதல் செய்தாலும் பழைய இதழ்கள் வாசகர் வீட்டில் இருக்கும். தளம் முடங்கினால் அனைத்தும் ஒரே நேரத்தில் மறைகின்றன.

பாதுகாப்பு

1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். 1956இல் செய்தித்தாள்களும் சேர்க்கப்பட்டன. அச்சட்டம் அச்சேறியவற்றை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. பழைய தமிழ் இதழ்களைத் தேடுவோர் எழும்பூர் கன்னிமாராவுக்கோ, தரமணியிலுள்ள ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ செல்லலாம். இணைய வரைகதைக்கு அத்தகைய இடம் இல்லை. ஆள்களப் பெயரைப் புதுப்பிக்க மறந்தால் ஒரு தொடரே காணாமற் போகலாம். 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்து வரும் இணைய ஆவணகம் ஓரளவு கைகொடுக்கிறது. கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்தால் மட்டுமே தெரியும் சமூக வலைத்தளப் படங்கள் பெரும்பாலும் அதன் கைக்கு எட்டுவதில்லை.