அறிதலும் தீர்வும்: எச்.ஐ.வி. மருத்துவ வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஒரு கண்டுபிடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் நோயாளர் நிலை யாதாயிற்று என்னும் வினா அருகியே எழுகின்றது. எச்.ஐ.வி. தொற்றின் வரலாறு அவ்வினாவை வற்புறுத்துவதாகும்.

1981 யூன் 5 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞரைப் பீடித்த அரியதொரு நுரையீரல் அழற்சி பற்றிய அறிக்கை வெளியாயிற்று. 1983 இல் பரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவகத்திலே பிரான்சுவாஸ் பார்-சினூசி, லுக் மொன்ரானியர் ஆகியோரின் குழுவினர், நோயாளி ஒருவரின் நிணநீர்க்கணுவிலிருந்து புதிய வைரசு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். இவ்வைரசு தன் ஆர்.என்.ஏ.யை டீ.என்.ஏ.யாக மாற்றி, நிர்ப்பீடனத்தை நெறிப்படுத்தும் வெண்குழியங்களின் பரம்பரைப் பொருளுட் புகுத்திவிடுகின்றது. ஆதலின் அதனை உடலினின்றும் முற்றாக அகற்றுதல் அரிதாயிற்று.

1985 இல், குருதியிலுள்ள பிறபொருளெதிரியைக் காட்டும் சோதனை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தானமாகப் பெறப்பட்ட குருதியைச் சோதித்தல் இதனாற் கைகூடிற்று. எனினும் தொற்றுடையோருக்கு அச்சோதனை மேன்முறையீடற்ற தீர்ப்பாகவே அமைந்தது. 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சொலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதற் தொற்றுகளை வெளிப்படுத்திய வேளையிலும் சோதனை இருந்தது, மருந்து இருக்கவில்லை.

1964 இல் புற்றுநோய்க்கென ஜெரோம் ஹொர்விற்ஸ் ஆக்கிப் பயன்படாது விடப்பட்ட ஏ.இசட்.ரி. என்னும் பொருள், 1987 இல் முதல் மருந்தாக அனுமதிக்கப்பட்டது. தனித்து வழங்கப்பட்டபோது, வைரசு விகாரமுற்று அதனை எதிர்த்தது. 1996 இல், வைரசின் வெவ்வேறு நொதியங்களைத் தாக்கும் மும்மருந்துச் சிகிச்சை பரவலாயிற்று. அடுத்த ஆண்டிலே அமெரிக்காவில் எயிட்ஸ் மரணங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன.

ஆயின் அச்சிகிச்சைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேற் செலவாயிற்று. ஆபிரிக்க நோயாளருள் மிகப் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனியே. 2001 இல் மும்பையின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அம்மருந்துகளை ஆண்டுக்கு 350 டொலருக்கு வழங்க முன்வந்தது. 1970 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றி அதன் ஆக்கமுறைக்கே உரிமை வழங்கியமை இதற்கு வழிவகுத்தது. ஆய்வுகூடம் தொடங்கிய பணியைச் சட்டமே நோயாளரிடம் சேர்த்தது எனலாம்.

2019 இல், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுதலை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் சான்றுப்படுத்தியது. கர்ப்பிணிகளுக்குச் சோதனையும் மருந்தும் ஒருங்கே கிட்டியமையின் பயன் இது. அறிதலுக்கும் தீர்வுக்கும் இடைப்பட்ட காலத்தை நீட்டுவதிலும் குறுக்குவதிலும் விஞ்ஞானத்துக்கு மட்டுமன்றி விலைக்கும் சட்டத்துக்கும் பங்குண்டு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.