முளகுமூட்டு மதரும் எங்கள் ஊர்த் தறியும்

சங்கரன்கோவிலில் வளர்ந்தவனுக்கு நூல் புதிதல்ல. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் திரளும் நாட்கள் போக, மற்ற நாளெல்லாம் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம்தான். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து ராட்டையில் தறிக்கான நூலைத் தார் சுற்றுவாள். சனிக்கிழமை கூலி வாங்கி வருவது தாத்தா. தார் சுற்றியதும் அதற்குள்ளேயே அடக்கம். ஆச்சிக்கென்று தனிக் கணக்குக் கிடையாது. கன்னியர் வரலாற்றைப் பற்றி இந்த மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றபோது, மதர் மரி லூயிஸ் தெ மேஸ்டரைப் பற்றித்தான் எழுதுவேன் என்றேன். அதற்கு அந்தத் தார்க்கூலியும் ஒரு காரணம்.

மதர் 1857இல் பெல்ஜியத்தின் ருசலாரே ஊரில் பிறந்தவர். ஈப்பர் நகரில் அகுஸ்தீன் சபைக் கன்னியர் மடத்தில் இருந்தவர். குமரிப் பகுதியில் கார்மேல் சபைக் குருக்களின் பொறுப்பில் இருந்த அநாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தது. புறப்பட்டு வந்தவர்கள் இரண்டே பேர். மதருக்கு வயது 40. கூட வந்த மரி உர்சுல் அப்போது நவதுறவி. 1897 நவம்பர் 7ஆம் தேதி முளகுமூட்டில் கால் வைத்தார்கள். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகிற சாலையில் இன்றும் பஸ் நிற்கிற ஊர்தான். அன்று அது திருவிதாங்கூர் ராஜ்யம், கொல்லம் மறைமாவட்டம்.

அந்த மண்ணில் துணி சாதாரணச் சமாச்சாரம் அல்ல. நாடார் பெண்கள் மேல்துணி போடுவதற்கே அடிபட்டு, பல வருஷம் போராடி, 1859இல்தான் அரசு அறிவிப்பு வந்தது. மதர் வந்து இறங்கியபோது அதைக் கண்ணால் பார்த்த பாட்டிகள் உயிரோடு இருந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இந்தக் கன்னியர்கள் பள்ளிப் பாடத்தோடு தையலையும் ரேந்தையையும் (லேஸ் பின்னல்) பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சும்மா ‘கைவேலை வகுப்பு’ என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குமரியில் ரேந்தையைத் தொடங்கியவர்கள் இவர்கள் அல்ல. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் மால்ட் அம்மையார் 1820களிலேயே தொடங்கிவிட்டார். ரேந்தை என்ற சொல்லே போர்த்துகீசியத்திலிருந்து நமக்கு வந்தது.

முளகுமூட்டுக்கு வந்தது பெல்ஜிய வழி. மடியில் உருண்டையாக, கெட்டியாக அடைத்த ஒரு தலையணை. அதன் மேல் துளையிட்ட காகித மாதிரி. ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இரண்டு ஜோடியை எடுத்து, குறுக்கே மாற்றி, முறுக்கி, ஊசி குத்தி, அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். கட்டையோடு கட்டை உரசி லேசாகக் ‘கடகட’ என்று ஒரு சத்தம். தறியில் நீளவாக்கில் பாவு என்றும் குறுக்கே ஊடை என்றும் இரண்டு வகை நூல் உண்டு. இங்கே ஒவ்வொரு நூலும் முறை வைத்துப் பாவாகும், ஊடையாகும். தறி காதைத் தின்னும். இது கண்ணைத் தின்னும். மேசை விரிப்பின் ஒரு மூலைப் பூவுக்கே நாள்கணக்கில் உட்கார வேண்டும். செய்து முடித்த விரிப்பு எந்த ஊர் மேசைக்குப் போகிறது என்று செய்தவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அது அவள் கைவேலை என்பது மாறாது. அநாதைப் பிள்ளைக்கும் விதவைக்கும் கஞ்சி ஊற்றுவது ஒரு வகை. கையில் தொழிலைக் கொடுப்பது இன்னொரு வகை. மதர் இரண்டையும் செய்தார். மலர்களில் முதலாவதுக்குத்தான் பக்கம் அதிகம் கிடைக்கிறது, படமும் நன்றாக விழும்.

அதன் பிறகு மதர் தொடங்கிய சபை வேகமாகப் பரவியது. 1910இல் பிலிப்பைன்ஸின் டாகுதின், 1915இல் மணிலாவில் புனித தெரேசா கல்லூரி, இவற்றோடு கரீபியத் தீவுகள், காங்கோ, சீனா. 1928 அக்டோபர் 10ஆம் தேதி மதர் காலமானார். அவர் புறப்பட்டு வந்த ஈப்பர் முதல் உலகப்போரில் இடிபாடாகிப்போயிருந்தது. அந்த நாட்டுக் கைவேலை முளகுமூட்டுத் தலையணைகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சபையின் இன்றைய பெயர் மரியாவின் மாசற்ற இருதய மறைபணிச் சகோதரிகள், சுருக்கமாக ஐ.சி.எம். சிஸ்டர்கள்.

அதே சபையில், அதே பெல்ஜியத்திலிருந்து 1960களில் இந்தியா வந்த சிஸ்டர் ஜான் தெவோஸைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. வீட்டுவேலை செய்யும் பெண்களைத் திரட்டி 1985இல் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை: வேலைக்காரி என்று கூப்பிடாதே, பணியாளர் என்று சொல், வார விடுமுறை கொடு, கூலியைப் பேசிக் கொடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென்று 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்ற 2011 ஆயிற்று. அடுப்படியிலும் திண்ணையிலும் நடக்கிற வேலை வேலைதான் என்று சட்டப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு அவ்வளவு காலம்.

ஒருமுறை நாகர்கோவில் பக்கம் போனபோது கையகல ரேந்தைத் துண்டு ஒன்று வாங்கி வந்து ஆச்சியிடம் கொடுத்தேன். அழகாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். முடிச்சு எங்கே என்று நகத்தால் தேடினாள், கிடைக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்:

“எத்தன நாளுல செஞ்சாவளாம்? கூலி எவ்வளவு குடுத்தாவ?”