முந்தைய குற்றத்தீர்ப்பும் கூடுதல் தண்டனையும் (இந்தியா)

முந்தைய குற்றத்தீர்ப்பின் அடிப்படையிலான கூடுதல் தண்டனை என்பது, ஏற்கனவே நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவர் மீண்டும் குற்றம் புரியும்போது, அக்குற்றத்திற்குரிய வழக்கமான உச்ச அளவை விடக் கூடிய தண்டனை விதிக்க இடமளிக்கும் சட்ட ஏற்பாடு ஆகும். தண்டனைச் சட்டத்தின் இவ்வேற்பாடு நாடு முழுவதற்கும் பொதுவானது. எனவே பெரம்பலூர், அரியலூர் மாவட்ட நீதிமன்றங்களுக்கும் இதுவே பொருந்தும்.

சட்டப் பிரிவுகள்

1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 75 ஆம் பிரிவாக இருந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவில் இது 13 ஆம் பிரிவு ஆகும். நாணயம், முத்திரைத்தாள் தொடர்பான குற்றங்களுக்கும் சொத்து தொடர்பான குற்றங்களுக்கும் மட்டுமே இப்பிரிவு பொருந்தும். முந்தைய குற்றம், பிந்தைய குற்றம் ஆகிய இரண்டும் மூன்று ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்கவையாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இருப்பின் பிந்தைய குற்றத்திற்கு 10 ஆண்டுகள் வரையிலோ ஆயுள் முழுவதுமோ சிறைத்தண்டனை விதிக்கலாம்.

சில குற்றங்களுக்குத் தனி விதிகள் உள்ளன:

- திருட்டு: முதன்முறை 3 ஆண்டுகள் வரை சிறை. 303 ஆம் பிரிவின்படி இரண்டாம் முறை 1 ஆண்டுக்குக் குறையாமலும் 5 ஆண்டுகளுக்கு மிகாமலும் கடுங்காவல்.
- போதைப்பொருள்: 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31 ஆம் பிரிவின்படி உச்சத் தண்டனையின் ஒன்றரை மடங்கு வரை.

ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாய மரண தண்டனை என்றிருந்த பழைய 303 ஆம் பிரிவை, 1983 இல் மித்து எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

எது கணக்கில் வரும்?

கைது, முதல் தகவல் அறிக்கை, நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை குற்றத்தீர்ப்பு ஆகா. மேலும், முதல் குற்றத்தீர்ப்பு வந்த பின்னரே இரண்டாம் குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அரியலூரில் ஒருவர் மீதான திருட்டு வழக்கு விசாரணையில் இருக்கும்போதே அவர் பெரம்பலூரில் மீண்டும் திருடினால், பின்னர் இரு வழக்குகளிலும் தீர்ப்பு வந்தாலும் 13 ஆம் பிரிவு பொருந்தாது. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட குற்றத்தால், 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவின்படி, பொதுவாக எவ்விதத் தகுதியிழப்பும் ஏற்படாது.

நடைமுறை

கூடுதல் தண்டனை கோரப்பட்டால், முந்தைய குற்றத்தீர்ப்பின் நாளும் இடமும் குற்றச்சாட்டில் குறிக்கப்பட வேண்டும். விடுபட்டிருந்தால் தண்டனை விதிக்கும் முன் சேர்க்கலாம். ஆயினும், தற்போதைய குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை அப்பகுதி நீதிமன்றத்தில் படிக்கப்படமாட்டாது. பழைய தவறே புதிய தவறுக்குச் சான்றாகிவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். எதிரி முந்தைய தீர்ப்பை மறுத்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகல் போன்ற ஆவணங்களால் அரசுத் தரப்பு அதை மெய்ப்பிக்க வேண்டும்.

வரலாறு

குடியேற்றக் காலத்தில் தனிமனிதரின் குற்றத்தீர்ப்பு இல்லாமலேயே ஒருவர் "வழக்கமான குற்றவாளி" ஆக்கப்பட்டார். 1871 ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 இன் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பே அதற்கு அடிப்படை. பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. இன்றைய தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் வலையர், ஊராளிக் கவுண்டர் முதலிய சமூகங்களுக்கு எதிரே பெரம்பலூர் மாவட்டத்தின் பெயரும் இடம்பெற்றுள்ளது.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947 இலும், நாடு முழுவதும் 1952 ஆகத்து 31 அன்றும் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் 1948 இல் சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறை விதிகளில் உள்ள சாதி அடிப்படையிலான பாகுபாடுகளை உச்ச நீதிமன்றம் நீக்கியது.

தடுப்புக் காவலுடன் வேறுபாடு

"குண்டர் சட்டம்" எனப்படும் தமிழ்நாட்டின் 1982 ஆம் ஆண்டு 14 ஆம் எண் சட்டம் பெரும்பாலும் இதனுடன் குழப்பிக்கொள்ளப்படுகிறது. அது தண்டனை அன்று, தடுப்புக் காவல் ஆகும். மாவட்டங்களில் ஆட்சியர் அதற்கான ஆணையிடலாம். உச்ச அளவு 12 மாதங்கள். அதற்குக் குற்றத்தீர்ப்பு தேவையில்லை. அறிவுரைக் குழு அவ்வாணையை ஆய்வு செய்கிறது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தில், வன்முறை அல்லது கடும் போதைப்பொருள் குற்றங்களுக்காக மூன்று முந்தைய குற்றத்தீர்ப்புகள் பெற்றவர் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், குறைந்தது 15 ஆண்டுகள் சிறை விதிக்கப்படும் (1984 ஆம் ஆண்டுச் சட்டம்). அம்மூன்று குற்றங்களும் வெவ்வேறு வேளைகளில் நடந்தனவா என்பதை நடுவர் குழுவே முடிவு செய்ய வேண்டும் என்று 2024 இல் எர்லிங்கர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இத்தகைய கட்டாயக் குறைந்த அளவு 13 ஆம் பிரிவில் இல்லை. உச்ச அளவு மட்டுமே உயர்கிறது. எவ்வளவு விதிப்பது என்பது நீதிபதியின் முடிவாகும்.

இவற்றையும் பார்க்க

- குற்றப் பரம்பரைச் சட்டம்
- சீர்மரபினர்
- குண்டர் சட்டம்
- நன்னடத்தைச் சட்டம், 1958