பிரபுவும் பாட வேண்டும்

புலவன் பாடுவான். பிரபு தலையை ஆட்டுவார். பொன்முடிச்சு கைமாறும். சம்மானம் என்றால் நமக்குத் தெரிந்த காட்சி இதுதான். நம் பாண்டியர்களிலும் பாட்டுக் கட்டியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தனியே கட்டினார்கள். பொருள் வாங்க வந்த புலவனோடு ஒரே பாயில் உட்கார்ந்து, அவன் விட்ட அடியை எடுத்துத் தொடர்ந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

ஜப்பானில் தொடர்ந்தார்கள். ரெங்கா என்று அதற்குப் பெயர். ஒருவர் ஐந்து, ஏழு, ஐந்து அசைகளில் தொடங்குவார். அடுத்தவர் ஏழு, ஏழு அசைகளில் பதில் சொல்வார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு மூன்றாமவர் கிளம்புவார். இப்படி நூறு கண்ணிகள்.

நம் அந்தாதிதானே என்பீர்கள். இல்லை. அந்தாதியில் முடிந்த சொல்லே தொடங்கும். இங்கே தொடர வேண்டியது சொல் அல்ல, பாவம். அதிலும் ஒரு விசித்திரம். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தியதோடு ஒட்ட வேண்டும். அதற்கும் முந்தியதை விட்டு விலகியே தீரவேண்டும். பிரிவை நினைத்து நீங்கள் ஒரு வரி பாடினால், பக்கத்தில் இருப்பவர் அதையே வழிப்போக்கனின் களைப்பாக்கி விடுவார். உங்கள் கருத்து உங்களுடையதாக ஒரு நாழிகைகூட நிற்காது. சபையில் எழுத்தர் ஒருவர் இருப்பார். விதி பிசகிய கண்ணியைத் திருப்பித் தருவது அவர் வேலை.

கொடுத்தே பழகிய கைக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஒரு பரிசுக் கமிட்டியில் இருந்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். மூன்று மணி நேரம் கழித்தும் எல்லோரும் கொண்டுவந்த அபிப்பிராயத்தோடேயே வீடு திரும்பினோம்.

நிஜோ யோஷிமோதோ (1320–1388) சக்கரவர்த்தியின் ராஜப்பிரதிநிதியாக இருந்த மகாபிரபு. அவருக்கு இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்த குசாய் ஒரு துறவி. அரண்மனை மண்டபத்தில் ஏறத் தகுதியில்லாத வகுப்பு. இருவரும் சேர்ந்து 1356-இல் ‘ட்ஸுகுபாஷூ’ என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். மறு வருஷமே அரசவைத் தொகுப்புக்கு ஒப்பான அந்தஸ்து அதற்குக் கிடைத்தது. பிரபு தம் செல்வாக்கைக் கொடுத்தார், சரி. எந்தக் கண்ணி நல்லது என்று பார்க்கும் கண்ணை அவர் குசாயிடம்தான் பெற்றார். 1372-இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது அந்தப் பாடம் உதவியிருக்கும்.

ஓவுச்சி மசாஹிரோவின் கதை இதைவிட உறைப்பானது. மேற்கே யமகுச்சியை ஆண்டவர். 1467 முதல் 1477 வரை கியோட்டோவைச் சாம்பலாக்கிய ஓனின் யுத்தத்தில் அவர் படையும் உண்டு. யுத்தம் முடிந்து மூன்று வருஷத்தில் ஸோகி என்ற கவிஞர் அவரிடம் வந்தார். எளிய குடியில் பிறந்தவர். 1495-இல் ஸோகி புதிய தொகுப்பு ஒன்றை முடித்தபோது அதற்குப் பெருந்துணை மசாஹிரோதான். அவர் பாடிய கண்ணிகளும் அதில் இருக்கின்றன. ஊரை எரித்தவர் கவிதையைக் காப்பாற்றினார் என்று சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர், அவ்வளவுதான். அதே வருஷம் அவர் காலமானார்.

சேர்ந்து பாடினால் மனம் திருந்திவிடும் என்று நம்புகிறவர்கள் அகேச்சி மிட்ஸுஹிதேயையும் பார்க்க வேண்டும். 1582-இல் கியோட்டோவுக்கு அருகே அடாகோ மலையில் அவர் ரெங்கா சபை கூட்டினார். குருவாக அமர்ந்தவர் ஸாடோமுரா ஜோஹா. மிட்ஸுஹிதே பாடிய முதல் கண்ணியில் ‘தோக்கி’ என்றொரு சொல். காலம் என்று பொருள். அவருடைய மூலக் குலத்தின் பெயரும் அதுவே. சில நாளில் அவர் தம் எஜமானர் நோபுநாகாவை ஹொன்னோஜி கோயிலில் வளைத்து மாய்த்தார். அப்போதுதான் அந்தச் சிலேடை ஊருக்குப் புரிந்தது.

பழி வாங்கிய ஹிதேயோஷி, ஜோஹாவைக் கூப்பிட்டு விசாரித்ததாக ஒரு கதை உண்டு. ‘யாரோ ஒரு சொல்லை அழித்து மாற்றி எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்’ என்று ஜோஹா காகிதத்தை நீட்டித் தப்பினாராம். கதை எப்படியோ, ஜோஹா பிழைத்தார். பின்னாளில் ஹிதேயோஷிக்கே ஆசை பிறந்தது. ரெங்கா கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். வாத்தியார் ஜோஹாதான்.